முக்திநாத் முடித்துத் திரும்பும்போது காத்மாண்டுவில் மிஞ்சும் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். சித்திரை பிறக்கும் வாரத்தில் குடும்பத்தோடு நேபாளம் போகிறோம். முக்திநாத் யாத்திரைதான். பொக்கரா, ஜோம்சோம், முக்திநாத் வரை எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது, அதில் எனக்குக் கேள்வி இல்லை. சிக்கல் கடைசியில்தான். வெள்ளிக்கிழமை மதியம் பொக்கராவிலிருந்து விமானத்தில் காத்மாண்டு வருகிறோம். ஞாயிறு மாலை அங்கிருந்து டெல்லி, பிறகு திருச்சி. நடுவில் இருக்கிற நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கூட வருவது அம்மாவும் மகளும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி; ஆனால் கோயில் என்றால் வலி மறந்துவிடும். மகள் எட்டாவது படிக்கிறாள், கோயில் என்றாலே அவளுக்குக் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கிவிட்டு வருவோம், எல்லோரும் களைத்திருப்போம். யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். போய் வந்தவர்கள் கொஞ்சம் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

சக்கரக்கால்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது மேடம்? ஒரு வண்டியை முழு நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது மொத்தம் ஏழு இடம். அனுமான் தோகா, பாட்டன், பக்தபூர் என்று மூன்று அரண்மனைச் சதுக்கங்கள், சுயம்புநாத், பௌத்தநாத் ஸ்தூபிகள், பசுபதிநாத், சாங்கு நாராயண் கோயில்கள். சனிக்கிழமை நான்கு, ஞாயிறு காலையில் மூன்று. அங்கே சனிக்கிழமை வார விடுமுறை, அதனால் சாலையும் கொஞ்சம் காலியாக இருக்கும். மலை பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் நாகர்கோட் போய்ச் சூரியோதயம் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வரலாம். அவ்வளவு தூரம் போய் எதையாவது விட்டுவிட்டு வந்தால் பிறகு வருத்தமாக இருக்கும்.

லலித்பூர்த் தமிழன்:
ஏழு இடத்தையும் பார்க்கலாம், வண்டி ஜன்னல் வழியாக.

நான் வேலை நிமித்தம் பாட்டனில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போவது என் வார இறுதி உத்தியோகம் ஆகிவிட்டது. முக்திநாத் முடித்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நிலையில்தான் வருவார்கள்: முகத்தில் வெயில் கறுப்பு, மூக்கில் புழுதி, உட்கார இடம் கிடைத்தால் போதும் என்ற பார்வை. அவர்களை ஏழு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் நான்காவது இடத்தில் வண்டியை விட்டே இறங்க மாட்டார்கள். என் அனுபவத்தில் அது அநேகமாகச் சுயம்புநாத் வாசலில் நடக்கும்.

என் யோசனை வேறு. இடங்களின் சிறப்பை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், இருக்கிற திசையை வைத்துப் பிரியுங்கள். பசுபதிநாத் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் போல வடகிழக்கே பௌத்தநாத். இந்த இரண்டையும் பயணத்தின் கடைசிக் காலைக்கு ஒதுக்கிவிட்டால், பெட்டியை வண்டியிலேயே போட்டுக்கொண்டு நேராக விமான நிலையம் போய்விடலாம். விடுதிகள் நிறைந்த தமேல், பழைய சந்தைகளான அசன், இந்திரசௌக், பிறகு அனுமான் தோகா எல்லாம் ஒரே கோட்டில் நடக்கும் தூரம். அது வந்து இறங்கிய மாலைக்கு. நடுவில் கிடைக்கும் முழு நாள் ஒரே ஊருக்கு. ஒன்றுக்குத்தான், இரண்டுக்கு அல்ல. அம்மாவின் முழங்காலையும் பாப்பாவின் பொறுமையையும் கணக்கில் எடுத்தால் நான் பாட்டனைச் சொல்வேன். தரை சமம், இடங்கள் அடுத்தடுத்து, நடுநடுவே உட்காரத் திண்ணைகள்.

நாகர்கோட்டை மறந்துவிடுங்கள். சித்திரையில் காட்டுத் தீப் புகையும் புழுதியும் சேர்ந்து பள்ளத்தாக்கே மங்கிக் கிடக்கும். நல்ல மழை பெய்து ஓய்ந்தால்தான் மலை தெரியும். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து 30 கிலோமீட்டருக்கு மேல் வளைவுப் பாதையில் போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். மலைதான் வேண்டுமென்றால் பொக்கராவிலிருந்து வரும் விமானத்தில் இடது பக்க ஜன்னல் கேளுங்கள். அதுவும் அதிர்ஷ்டம்தான்.

கோயில்மணி:
சகோதரி, பசுபதிநாத் பற்றி இரண்டு வார்த்தை. மூலக் கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. தோல் பொருள் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, பர்ஸ், பெல்ட் உள்பட. கைபேசி, கேமரா எடுக்கவும் அனுமதி இல்லை. லிங்கத்துக்கு நான்கு திசையிலும் முகங்கள். காலையில் நான்கு வாசலும் திறந்து அபிஷேகம் நடக்கும் நேரத்துக்குப் போனால் சுற்றி வந்து நான்கு முகத்தையும் தரிசிக்கலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், திறக்க மாலையாகும். ஆகவே ‘போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றால் பித்தளை நந்தியின் முதுகுதான் கிடைக்கும்.

கருவறையில் பூசை செய்கிற பட்டர்கள் தென்னாட்டிலிருந்து வருகிறவர்கள், பெரும்பாலும் கன்னட தேசத்து வேத பண்டிதர்கள். சங்கரர் வகுத்த ஏற்பாடு என்பார்கள். 2009இல் நேபாளத்தவரையே நியமிக்க வேண்டும் என்று அரசு முயன்றபோது பெரிய தகராறு ஆகிப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. முக்திநாத் போய் வருகிற வைணவக் குடும்பம் என்றால் புதாநீல்கண்டாவை விடாதீர்கள். பெயரைக் கேட்டால் சிவன் கோயில் என்று தோன்றும். உள்ளே குளத்து நீரில் ஆதிசேஷன் மேல் மல்லாந்து படுத்திருக்கும் பெருமாள், கருங்கல்லில் ஒரே சிலை, ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம், 7ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கூரை கிடையாது. விதானத்துக்கடியில் வெட்டவெளியில் சேவை. நேபாள மன்னர்கள் மட்டும் இந்தச் சன்னிதிக்கு வருவதில்லை என்பது பழைய வழக்கம். பிரதாப மல்லன் கண்ட கனவைக் காரணமாகச் சொல்வார்கள். தமேலிலிருந்து வடக்கே பத்து கிலோமீட்டர் போல. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அங்கே நின்றால் நகர மாட்டார்கள்.

காவிரிக்கரை:
கோயில்மணி ஐயா, நாங்கள் ஸ்ரீரங்கமேதான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முடிவு எடுத்தாகிவிட்டது, இனி யார் சொன்னாலும் அது மாறாது.

லலித்பூர்த் தமிழன் சார், மகள் பாட்டனில் ஒரு நாள் முழுக்கச் சலிக்காமல் இருப்பாளா?

வடக்குவீதி:
நாங்கள் யாழ்ப்பாணத்திலயிருந்து போனனாங்கள், போன ஐப்பசியில. தமிழ்நாட்டு ஆக்களுக்கு விசாப் பிரச்சினை இல்லை, எங்களை மாதிரி இலங்கைக் கடவுச்சீட்டோட இதை வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன்: சார்க் நாட்டுக்காரருக்கு வருசத்தில முதல் தரம் போகேக்க 30 நாள் விசா விமான நிலையத்திலயே காசில்லாமல் குடுப்பினம். சதுக்கங்களிலயும் வெள்ளைக்காரருக்கு ஒரு கட்டணம், சார்க் ஆக்களுக்குக் குறைஞ்ச கட்டணம். கடவுச்சீட்டைக் கையில வைச்சிருங்கோ, காட்டினால்தான் குறைப்பினம்.

பௌத்தநாத் பற்றிச் சொல்லோணும். பின்னேரம் அஞ்சு மணிக்குப் போங்கோ. திபெத்து ஆக்கள் வேலை முடிஞ்சு வந்து ஸ்தூபியை வலம் சுத்துவினம். ஆச்சிமார் செபமாலை உருட்டிக்கொண்டு, பெடியள் கைபேசியில கதைச்சுக்கொண்டு, எல்லாரும் ஒரே பக்கமாய்ச் சுத்துவினம். நீங்களும் அதுக்குள்ள இறங்கினால் நிண்டு பார்க்கேலாது, நடந்துகொண்டே இருக்கோணும். சின்னப் பிள்ளையளுக்கு அது பிடிக்கும். எங்கட ஊரில விகாரை எண்டால் வேற ஞாபகங்கள் வரும். அங்க அப்பிடி ஒண்டும் வரேல்லை, அதைச் சொல்லோணும் போல இருந்தது. விசயத்துக்கு வாறன்: கூரைக் கடையளில ஒரு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு மேலயிருந்தும் பாருங்கோ.

லலித்பூர்த் தமிழன்:
வடக்குவீதி அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாலையில் போக முடிந்தால் பௌத்தநாத்தை மாலைக்கே வையுங்கள். ஞாயிறு மாலை விமானம் என்பதால்தான் நான் கடைசிக் காலைக்குத் தள்ளினேன்.

பாப்பா விஷயம். பாட்டனில் சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் பழைய அரண்மனையில்தான் பாட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1997இல் திறந்தது. இந்தியாவில் நாம் பார்த்துப் பழகிய தூசி படிந்த கண்ணாடிப் பெட்டி அருங்காட்சியகம் அல்ல. ஒவ்வொரு சிலையின் கையில் இருப்பது என்ன, எந்த முத்திரை எதைக் குறிக்கிறது என்று நின்று விளக்குகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் வார்ப்பதைப் படிப்படியாக வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. சுவாமிமலையில் இதைப் பார்த்திருந்தால் இங்கே பள்ளத்தாக்கின் பூர்வீகக் குடிகளான நியூவார்களின் கைவேலைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடமே கேளுங்கள். இவர்கள் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பும் வேலையில் கில்லாடிகள். வாசல்களுக்கு மேலே பதித்திருக்கும் தோரணங்களில் அதைப் பார்க்கலாம்.

வெளியே வந்தால் கிருஷ்ண மந்திர். 1637இல் சித்தி நரசிங்க மல்லன் கட்டியது. சுற்றிப் பெரும்பாலும் செங்கல்லும் மரமும். இது முழுக்கக் கல், 21 கலசம். முதல் தளத்து வளையத்தில் மகாபாரதம், அடுத்ததில் இராமாயணம், ஒரு சாண் உயரத்துச் சிற்பங்களாகச் சுற்றி ஓடும். அம்மா கீழே அமர்ந்து அண்ணாந்து பார்க்கட்டும். பக்கத்திலேயே படியிறங்கிப் போகும் மங்க ஹிட்டி. மகர வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் நீர்த்தாரைகள், 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்றைக்கும் அக்கம்பக்கத்துக்காரர்கள் குடம் கொண்டுவந்து பிடித்துப் போகிறார்கள். மல்ல மன்னர்களுக்கு முந்திய லிச்சவி வம்ச காலத்து நீர்வழி, மேலே அரண்மனை மாறி, வம்சம் மாறி, நாடே முடியாட்சியை விட்டுக் குடியரசாகியும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த நகரத்தில் ஒரே ஒரு இடத்தைக் காட்டு என்று யாராவது கேட்டால் அந்தப் படிக்கட்டைத்தான் காட்டுவேன்.

சக்கரக்கால்:
எல்லாம் சரி சார், ஆனால் பக்தபூரைப் பார்க்காமல் ஊர் திரும்பச் சொல்வது அநியாயம். பாட்டன் காத்மாண்டுவோடு ஒட்டிப்போன ஊர். சதுக்கத்தை விட்டு ஐந்து நிமிடம் நடந்தால் ஹாரன் சத்தம். பக்தபூர் அப்படியில்லை, கிழக்கே 13 கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது. நியாதபோலா கோயிலைப் பாருங்கள். ஐந்து அடுக்கு, 1702இல் பூபதீந்திர மல்லன் கட்டியது, 1934 நிலநடுக்கத்திலும் நின்றது, 2015இலும் நின்றது. படிக்கட்டு இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகக் காவல்: கீழே மல்யுத்த வீரர்கள், அடுத்து யானை, அடுத்து சிங்கம், அதற்கு மேல் யாளி போல ஒன்று, உச்சியில் இரண்டு தேவிகள். ஒவ்வொரு ஜோடியும் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலம் என்று கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? குயவர் சதுக்கத்தில் சக்கரம் சுற்றுவதையும் பார்க்கலாம். மண் சட்டியில் ஜூஜூ தௌ தயிர் சாப்பிடலாம். பள்ளத்தாக்கில் ஒரு நாள் கிடைத்தால் அது பக்தபூருக்கு.

லலித்பூர்த் தமிழன்:
பக்தபூர் அழகில்லை என்று நான் சொல்லவே இல்லை. தனியாக வருகிறவர் என்றால் அங்கேயே ஒரு இரவு தங்கச் சொல்வேன். சுற்றுலாக் கும்பல் போன பிறகு அந்த ஊர் வேறு ஊர். ஆனால் இவர்கள் வருவது சித்திரைப் பிறப்பு வாரம். நேபாளப் புத்தாண்டும் நம்முடையதும் ஒரே சமயத்தில்தான் வரும். அதையொட்டி பக்தபூரில் பிஸ்கா ஜாத்திரை, ஒன்பது நாள் விழா. தௌமாடியில், அதே நியாதபோலா முன்னால், பைரவர் தேரை மேல்பகுதிக்காரர் ஒரு பக்கமும் கீழ்பகுதிக்காரர் ஒரு பக்கமும் எதிரெதிராக இழுப்பார்கள். வடம் பிடிக்கிற பக்தியை எதிர்பார்க்காதீர்கள், அது போட்டி. ஆட்கள் காயப்படுவது உண்டு. முழங்கால் வலியோடு 68 வயது அம்மாவை அந்தச் சந்துகளில் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். அவர்கள் வரும் சனிக்கிழமை விழா முடிந்திருக்குமா என்பதைத் தங்கும் விடுதியில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டனிலும் தேர் உண்டு, ராதோ மச்சிந்திரநாத். மழைத் தெய்வம். அந்தச் சமயத்தில் புல்சௌக்கில் தேர் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கலாம். மூங்கிலும் பிரம்பும் வைத்து வானத்தை முட்டுகிற உயரத்துக்குக் கட்டுவார்கள். அதை நின்று பார்ப்பதில் ஆபத்தில்லை.

கேமராக்கண்:
ஒரு மாற்றுக் கருத்து. 2015க்கு முன்னாலும் போயிருக்கிறேன், பின்னாலும் போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அனுமான் தோகாவில் இப்போது பார்ப்பது பெரும்பாலும் புதுசு. அங்கிருந்த காஸ்தமண்டபம் என்ற பழைய மர மண்டபம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது, இப்போது நிற்பது புத்தம்புது மரம். மிச்சத்திலும் புதுச் செங்கல் பளிச்சென்று தெரிகிறது. பழமையைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

லலித்பூர்த் தமிழன்:
இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 ஏப்ரல் 25, 7.8 அளவு நிலநடுக்கம். காஸ்தமண்டபம் விழுந்தது உண்மை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் கட்டடங்கள் கல்லில் செய்து நிரந்தரமாக நிற்க வைத்தவை அல்ல. செங்கல், களிமண் சாந்து, சால மரம். கூரையில் புல் முளைக்கும், மரம் மக்கும், பூமி குலுங்கும். ஒவ்வொரு தலைமுறையும் கழற்றி மாட்டிக்கொண்டேதான் வந்திருக்கிறது. 1934இலும் ஏராளமான கோயில்கள் விழுந்து, திரும்ப எழுந்தவை. நம் ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிறோமே, அதனால் கோயில் புதுசாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

காஸ்தமண்டபம் விழுந்த பிறகுதான் அதன் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க முடிந்தது. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று நினைத்திருந்தது, 7ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போனது. அதைத் திரும்பக் கட்டும் வேலையை ஒப்பந்ததாரரிடம் விடக் கூடாது என்று அந்த வட்டாரத்து மக்களே போராடி ஏற்றுக்கொண்டார்கள். ராணி போக்ரி குளத்திலும் இதே கதை. 1670இல் பிரதாப மல்லன், மகனை இழந்த ராணிக்காக வெட்டியது. அதைச் சீரமைக்கிறேன் என்று கான்கிரீட் சுவர் எழுப்ப ஆரம்பித்ததும் ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்து நிறுத்தினார்கள். கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டுச் செங்கல்லிலேயே செய்ய வேண்டியதாயிற்று. பாட்டன் சதுக்கத்தில் விழுந்த ஹரிசங்கர், சார்நாராயண் கோயில்களில் பழைய மரத் தாங்கிகளைப் பொறுக்கியெடுத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பழைய மரம் கறுப்பாக, புதுசு வெளிறி. எது எது என்று கண்ணாலேயே பிரிக்கலாம்.

ஏமாற்றம் வேண்டுமென்றால் தரஹராவுக்குப் போங்கள். 1934இலும் விழுந்தது, 2015இலும் விழுந்தது, இப்போது நிற்பது மின்தூக்கி வைத்த கோபுரம். அதைப் பற்றி நீங்கள் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கேமராக்கண்:
மரத்தைப் பற்றிச் சொன்னது ஒப்புக்கொள்ளத்தக்கது. ஆனாலும் அனுமான் தோகாவில் எனக்கு மனம் ஒட்டவில்லை. பசுபதியில்தான் நல்ல படங்கள் கிடைத்தன, எதிர்க்கரையிலிருந்து ஆர்யகாட் என்ற ஆற்றங்கரைச் சுடுகாட்டின் சிதைகளை நீள லென்ஸில் எடுத்தேன்.

கோயில்மணி:
அந்தப் படங்களில் இருப்பது யாரோ ஒருவருடைய அப்பா, தம்பி. அவர்களிடம் கேட்டீர்களா?

கேமராக்கண்:
எல்லோரும்தான் எடுக்கிறார்கள். தடை எதுவும் இல்லை.

வடக்குவீதி:
தடை இல்லை எண்டது வேற, செய்யலாம் எண்டது வேற. நாங்கள் போன நேரம் ஒரு பொம்பிளை தலையில அடிச்சு அழுதுகொண்டிருந்தா, அக்கரையில பத்துக் கேமரா. எனக்கு அதுக்குப் பிறகு அங்க நிக்க ஏலேல்லை.

மட்டுறுத்துநர்:
இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கேள்வி கேட்டவர் காத்திருக்கிறார்.

மாடித்தோட்டம்:
சாப்பாட்டைப் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே! ஸ்ரீரங்கத்துக் குடும்பம் என்பதால் முக்கியமாகச் சொல்கிறேன். மோமோ என்று பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலான கடைகளில் அது எருமைக்கறி. பசு அங்கே தேசிய விலங்கு, வெட்டத் தடை. எருமைக்கு அந்தச் சலுகை கிடையாது. நியூவார் சிற்றுண்டிக் கடையில் பாரா என்று கிடைக்கும். ஊறவைத்த உளுந்தை அரைத்துக் கல்லில் தட்டிச் சுடுவது, நம் வடை மாவேதான், பொரிக்காமல். மேலே முட்டையோ கறியோ போடலாமா என்று கேட்பார்கள். ‘சாதா’ என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அதே கல்லில்தான் எல்லாம் சுடுவார்கள், அம்மா ஆசாரம் பார்ப்பவர் என்றால் வேண்டாம். சுத்த சைவத்துக்கு நியூ ரோடு, இந்திரசௌக் பக்கம் மார்வாடிச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. தயிருக்குப் பக்தபூர் வரை போக வேண்டியதில்லை, ஜூஜூ தௌ பாட்டனிலும் மண் சட்டியில் விற்கிறார்கள். லப்சி புளிப்பு மிட்டாயை மகள் ஒரு பொட்டலத்தோடு நிறுத்த மாட்டாள்.

காவிரிக்கரை:
இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பண விஷயத்தையும் அடையாள அட்டையையும் யாராவது சொல்லுங்கள்.

சக்கரக்கால்:
100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், 1993இலிருந்து இதே கணக்குதான். இந்திய நூறு ரூபாய் நோட்டைத் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள். பெரிய நோட்டு விஷயத்தில் விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது, கடைக்காரர்களுக்கே குழப்பம், அதனால் நூறாகவே கொண்டுபோங்கள். 2024 மார்ச்சிலிருந்து நம் யுபிஐ அங்கே ஃபோன்பே க்யூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில் வேலை செய்கிறது. இது நாம் பயன்படுத்தும் செயலி இல்லை, பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் நேபாள நிறுவனம். சிக்னல் இல்லாத சந்துகளில் இதை நம்ப வேண்டாம்.

விமானத்தில் போகும் இந்தியருக்குக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லாது, 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் தளர்வு உண்டு. உங்கள் வீட்டில் நடுவில் இருக்கும் உங்களுக்குத்தான் ஆதார் உதவாது! டாக்சிக்காரர்கள் மீட்டர் போட மாட்டார்கள், பதாவ், இன்டிரைவ் செயலிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கடிகாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளுங்கள்.

காவிரிக்கரை:
போய் வந்தாகிவிட்டது. இங்கே எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் இருக்க முடியாது.

பொக்கரா விமானம் மதியத்திலிருந்து மாலைக்குத் தள்ளிப்போனது. இடது பக்க ஜன்னல் கிடைத்தது, வெளியே பால்நிறம் மட்டும்தான். உள்நாட்டு முனையத்தில் ஒரு டாக்சிக்காரர் கேட்ட தொகைக்கு இன்னொரு முறை பொக்கரா போய்விடலாம். வெள்ளி மாலைத் திட்டத்தில் அசன் சந்தை மட்டும்தான் தேறியது. அதுவும் கடை மூடும் நேரம், பித்தளைப் பாத்திரக் கடைகளில் அம்மா ஒவ்வொரு சொம்பையும் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே அன்னபூர்ணா கோயில் சந்தையின் நடுவிலேயே இருக்கிறது. காய் வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைக்காமலேயே மணியை அடித்துவிட்டுப் போகிறார்கள்.

சனிக்கிழமை முழுக்கப் பாட்டன். மகள் அருங்காட்சியகத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் இருந்தாள். வெளியே வந்ததும் கடைகளில் சிலைகளைத் திருப்பித் திருப்பி ‘இது வார்த்ததா, தட்டியதா’ என்று கடைக்காரர்களைக் கேட்டுத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தாள். கும்பேஸ்வர் கோயிலுக்கும் போனோம், 1392இல் கட்டிய ஐந்தடுக்குச் சிவன் கோயில். ஜனை பூர்ணிமா அன்று இங்கேதான் கூட்டம் கூடிப் பூணூல் மாற்றுவார்களாம், நம் ஆவணி அவிட்டச் சமயம். பொன் விகாரையில் தோல் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே முற்றத்தில் ஆமைகள் திரிகின்றன. அது மகளின் பட்டியலில் முதல் இடம். வழக்கமாகச் சுற்றுலா என்றால் அடுத்தது என்ன அடுத்தது என்று கேட்கிறவள், அன்றைக்குக் கேட்கவில்லை. ஒரே ஊர் என்ற யோசனை வேலை செய்ததற்கு எனக்கு அதுவே அத்தாட்சி.

ஞாயிறு விடியற்காலை புதாநீல்கண்டா. கோயில்மணி ஐயா, அம்மா உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பசுபதியில் அபிஷேகம் கிடைத்தது. பட்டர் ருத்ரம் சொன்ன உச்சரிப்பைக் கேட்டதுமே ‘இவர் தெற்கத்திக்காரர்’ என்று அம்மா வரிசையில் இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பௌத்தநாத் வெயிலில் அரைச் சுற்றுதான். வடக்குவீதி அண்ணா சொன்ன மாலைக் கூட்டத்தைப் பார்க்க முடியாமல் போனதில் எனக்குக் குறைதான்.

சக்கரக்கால்:
ஆக, பக்தபூர் இல்லை!

காவிரிக்கரை:
இல்லை சார். உங்களுக்காக அம்மா தயிர் மட்டும் சாப்பிட்டார்.

புதுப்பயணி:
பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் போகிறேன். பாட்டனில் ஒரு வெண்கலத் தாரா சிலை வாங்க ஆசை. விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

லலித்பூர்த் தமிழன்:
நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை. பிரச்சினை என்னவென்றால், புதுச் சிலைக்கே பழைய நிறம் ஏற்றி விற்பார்கள், சுங்கத்தில் பார்ப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? பளபளவென்று புதுசாகத் தெரிவதை வாங்கினால் ரசீது போதும். கறுத்த நிறம்தான் பிடிக்கிறது என்றால், ராம்ஷா பாதையில் உள்ள தொல்லியல் துறையில் ‘இது பழம்பொருள் அல்ல’ என்று சான்றும் முத்திரையும் வாங்க வேண்டும். நல்ல கடைக்காரர் அவரே ஆளனுப்பி வாங்கித் தருவார். ஆனால் அலுவலகம் சனிக்கிழமை திறக்காது. வாங்குவதைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாமல், வேலை நாள் ஒன்று கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கடைசி நாள் சனிக்கிழமையாக அமைந்துவிட்டால் பளபளப்பானதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் வைத்துப் பத்து வருடம் விளக்கேற்றினால் தானே கறுத்துவிடும்.

புதுப்பயணி:
என் விமானம் சனிக்கிழமைதான். பளபளப்பானதே சரி.